எந்தக் கரையின் நாற்பதாம் நாள்

"கடைசி யார்?" என்று கேட்டாள் ரிம்மா. அப்படிக் கேட்காமல் போய் நின்றால் அது வரிசை இல்லை, கும்பல். வால் எது என்று தெரிந்துகொண்டு, அந்த வாலிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பிறகு தானே வாலாகி, அடுத்து வருகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டும். ரொட்டிக்கு நின்ற காலத்திலிருந்து அதுதான் முறை. நீலக் கம்பளித் தொப்பி போட்ட ஒருத்தி திரும்பாமலேயே "நான்தான், வாங்க" என்றாள். மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு. ஆற்றிலிருந்து வந்த காற்று கழுத்துத் துணிக்குள் கையை விட்டுத் தேடியது. சதுக்கத்து ஓரமாக வரிசை வளைந்து போய் எல்லைச் சாவடியின் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. நார்வா ஊர் இங்கே முடிகிறது, ஊரோடு சேர்ந்து எஸ்தோனியா நாடும் முடிகிறது. கீழே ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இவான்கோரத், அது ருஷ்யா. இரு கரையிலும் இரண்டு பழைய கோட்டைகள், பேச்சுவார்த்தை அற்றுப்போன சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு. நடுவில் ஒரு பாலம். வண்டிகள் நின்று போய்விட்டன, நடந்துதான் போக வேண்டும், ராத்திரியானால் அதுவும் இல்லை, கதவைச் சாத்திவிடுகிறார்கள். ரிம்மா தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வகிடு கோணலாக இருக்கும். வீட்டில் கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருக்கிறாள், அம்மா செத்த அன்றைக்கு மூடியது, அன்றிலிருந்து கையால் தடவித்தான் தலை வாருகிறாள். செத்தவரின் ஆன்மா நாற்பது நாள் இங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும், தன் கட்டில், தன் கோப்பை, தன் செருப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நாற்பதாம் நாள் வீட்டார் உட்கார்ந்து சாப்பிட்டு விடை கொடுத்த பிறகுதான் கிளம்பும். அதற்குள் கண்ணாடியைப் பார்த்துவிட்டால் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டுவிடும். இதையெல்லாம் நம்புகிறாயா என்று மகள் இங்கா தலைநகர் தாலினிலிருந்து போனில் கேட்டாள். நம்புகிறேனா, இல்லையா. பல் தேய்ப்பதை நம்புகிறோமா என்ன, தேய்க்கிறோம். இன்றைக்கு நாற்பதாம் நாள். அம்மா அந்தக் கரையில்தான் இருக்கிறாள், மண்ணுக்குள்ளும், அண்ணன் அர்காதியின் வீட்டிலும். போய் மெழுகுவர்த்தி ஏற்றி, மேசையில் உட்கார்ந்து, சாயங்காலம் சாவடி மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். திரும்பித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நாளைக் காலையில் கையெழுத்து.

கையெழுத்து என்று நினைத்ததும் கைப்பையை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். கைப்பையில் அவளுடைய பாஸ்போர்ட் சாம்பல் நிறத்தில் கிடந்தது. சோவியத் நாடு உடைந்தபோது இங்கேயே தங்கிப்போன ருஷ்யர்களில் எந்தப் பக்கத்துக் குடியுரிமையும் வாங்காமல் நின்றவர்களுக்குக் கொடுத்தது. உள்ளே அவள் குடியுரிமை வரையறுக்கப்படாதது என்று அச்சடித்திருக்கும். வரையறுக்கப்படாதவள். இருபது வயதில் அதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாள், ஏதோ காதல் பாட்டில் வருகிற மாதிரி இருக்கிறது. இந்தச் சாம்பலுக்கு ஒரே ஒரு பாக்கியம், ஆற்றைத் தாண்ட விசா வேண்டாம். நாளைக்குக் கையெழுத்துப் போட்டால் சாம்பலை வாங்கிக்கொண்டு எஸ்தோனியாவின் அடர்சிவப்பைக் கொடுப்பார்கள். அப்புறம் அம்மாவின் கல்லறைக்குப் போக விசா கேட்டு நிற்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் ருஷ்யாவின் பாஸ்போர்ட்டும் அடர்சிவப்புதான். அர்காதி அதை மேசைமேல் போட்டு, "பாரு, ஒரே துணியில தச்ச மாதிரி இருக்கு, இதுக்கா இத்தனை சண்டை?" என்பான். மொழித் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்று, நூற்பாலையில் நூல் முடிந்த விரலால் எஸ்தோனியச் சொற்களை ஒன்றோடொன்று முடிந்து முடிந்து, போன இலையுதிர் காலத்தில் ஒருவழியாகத் தேறினாள். இங்கா அழுதுவிட்டாள். அவளுக்கு வேறு பயம். ஒருநாள் காலையில் பாலத்தை ஒரேயடியாக மூடுவார்கள், அன்றைக்குப் பார்த்து அம்மா அந்தப் பக்கம் இருப்பாள், அவ்வளவுதான் என்று பயம். "ஒரு ராத்திரிகூட அங்க தங்காதம்மா, சத்தியம் பண்ணு" என்று வாங்கியும் வைத்திருக்கிறாள். நாளையைத் தவறவிட்டால் மறுபடி எல்லாம் முதலிலிருந்து, யார் கடைசி என்று கேட்டு நிற்க வேண்டியதுதான். ரிம்மாவின் அம்மா இந்த ஊருக்கு வந்தபோது பாஸ்போர்ட்டே இல்லை. ருஷ்யாவில் ப்ஸ்கோவ் பக்கத்துக் கூட்டுப்பண்ணைப் பெண்களுக்கு அந்தக் காலத்தில் அதைக் கொடுக்க மாட்டார்கள். ஆலைக்கு ஆள் வேண்டும் என்று லாரியில் ஏற்றி இறக்கியபோது ஊரே கிடையாது, போர் தின்று துப்பிய செங்கல்தான் கிடந்தது. முன்பு இங்கே இருந்தவர்களை, எஸ்தோனியர்களை, திரும்பி வர விடவில்லை. அது அம்மாவுக்கு அன்றைக்குத் தெரியாது, அப்படித்தான் சொல்வாள். செங்கல் வாரும்போது ஒரு வெள்ளிக் கரண்டி கிடைத்ததாம், பிடியில் இரண்டு எழுத்து, நமக்குப் புரியாத எழுத்து. அதை அவள் விற்கவும் இல்லை, ஒருநாளும் அதை வைத்துச் சாப்பிடவும் இல்லை. "யாரோ கேட்டு வந்தா?" என்பாள். யாரும் கேட்டு வரவில்லை. இல்லை, வந்தார்களோ, நாடாக வந்தார்களோ, மொழித் தேர்வாக வந்து கேட்டார்களோ. ரிம்மா தேர்வுக்குப் படித்த இரவுகளில் அந்தக் கரண்டிதான் ஞாபகத்தில் வந்து வந்து போயிற்று. இத்தனை வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், இந்தத் தெருவின் பழைய பெயரை இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். யாருக்கு யார்மேல் கோபம் வர வேண்டும், ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அப்போதெல்லாம் இரண்டு கரையும் ஒரே ஊர்தான். அந்தக் கரையில் தூங்கி இந்தக் கரையில் வேலை பார்ப்பார்கள், ஒரே பஸ், ஒரே மீன் கடை. ஆலை வீடு கொடுத்தது அந்தக் கரையில் என்பதால் அம்மா அங்கே, கல்யாணம் செய்துகொண்டவன் வீடு இங்கே என்பதால் ரிம்மா இங்கே. அதில் நாடு எங்கே வந்தது? பிறகு ஒருநாள் ஆற்றில் கோடு போட்டார்கள். தண்ணீரில் போட்ட கோடு என்று எல்லோரும் சிரித்தார்கள்.

வரிசை நகர்ந்தது. நீலத் தொப்பிக்காரி சக்கரம் வைத்த பையைக் காலால் தள்ளிக்கொண்டே திரும்பினாள். ஸோயா என்று பெயர் சொன்னாள், தங்கைக்கு முட்டி வலி மருந்து கொண்டு போகிறாளாம். "கேட்டீங்களா, அடுத்த வாரம் பாலத்த மூடப்போறாங்களாம்" என்று பின்னால் யாரோ சொல்ல, ஸோயா குரலைக்கூட உயர்த்தாமல், "எத்தன வருஷமா அடுத்த வாரம், அடுத்த வாரம்னே சொல்றீங்க. மூடறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன். அப்புறம் என்னை எந்தப் பக்கம் பொதைக்கறதுன்னு ரெண்டு சர்க்காரும் உக்காந்து பேசட்டும், அப்படியாவது பேசுவாங்க" என்றாள். வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள், சிரித்த வேகத்தில் சாவடிப் பக்கம் பார்த்துச் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டார்கள். ஸோயா ரிம்மாவின் கறுப்புத் தலைத்துணியைக் கவனித்தாள். "துக்கமா?" "அம்மா. இன்னைக்கு நாற்பது." "அடடா. அமைதியா இருக்கட்டும்" என்று சிலுவை போட்டுக்கொண்டவள், ஒரு நொடி விட்டு, வெங்காயம் என்ன விலை என்று கேட்பது போலச் சாதாரணமாக, "எந்தப் பக்கத்துக் கணக்குல?" என்றாள். "எதுல?" "நாற்பது. எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் ஆஸ்பத்திரில போனாரு, ராத்திரில. குளிர்காலம் வேற. மாமியார் ஒரு தேதி சொல்றா, நான் ஒரு தேதி சொல்றேன். பெரிய கூத்து. உங்கம்மா பகல்ல போனாங்களோ?" ரிம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பகலில் இல்லை. ராத்திரி. போன் அடித்தபோது அடுப்புக்கு மேலே இருந்த கடிகாரத்தில் பதினொன்று தாண்டியிருந்தது, நாள் இன்னும் மாறவில்லை. பாலத்தை மூடியாகிவிட்டது. போய்க் கண்ணாடியை மூடினாள், அந்த நாளையே முதல் நாளாக வைத்து எண்ண ஆரம்பித்தாள். ஆனால் குளிர்காலத்தில் அந்தக் கரை ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, மாஸ்கோவின் மணி. அங்கே பன்னிரண்டு தாண்டியிருக்கும். அங்கே அடுத்த நாள் பிறந்துவிட்டிருக்கும். இது தெரியாதா என்ன, ஆற்றில் கோடு போட்டதிலிருந்து தெரியும், சொல்லப் போனால் இந்த ஊரில் பாதிப் பேர் புத்தாண்டை மாஸ்கோவோடு ஒரு தடவை, இங்கத்த மணிக்கு இன்னொரு தடவை என்று இரண்டு தரம் கொண்டாடுகிறவர்கள். அம்மா ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் முதலில் கேட்பதே "உங்க பக்கம் மணி என்னடி?" என்பதுதான், தெரிந்துகொண்டேதான் கேட்பாள், கொஞ்சம் நக்கல், கொஞ்சம் வேறெதுவோ. அப்படியிருந்தும் எண்ணும்போது ஏன் தோன்றவில்லை? அடக்கத்துக்குப் போயிருந்தாளே, சிலுவையில் எழுதிய தேதியைப் பார்த்தாளே. பார்த்தாளா? பனியில் ஈரமாகிக் கிடந்த அம்மாவின் பெயரைத்தான் பார்த்தாள்.

ஆக, இன்றைக்கு நாற்பது அவளுக்கு. அர்காதிக்கு நாளை. அந்த எண்ணம் வந்து நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. சாவடிக்குள் போனாள், பையைத் திறந்து காட்டினாள், எஸ்தோனியப் பையன் ஒருவன் சாம்பலைப் புரட்டினான், அவள் எஸ்தோனிய மொழியில் வணக்கம் சொன்னாள், அவன் சற்றே வியந்து பதில் வணக்கம் சொன்னான், எல்லாம் யாருக்கோ நடப்பது போல நடந்தது. நாளைக்குத்தான் எல்லோரும் வருவார்கள். நாளைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆலையில் அம்மாவோடு நின்ற கிழவிகளில் மிச்சம் இருப்பவர்கள், மேசை, அம்மாவுக்கென்று கூடுதலாக ஒரு தட்டு. நாளைக்குத்தான் அம்மா கிளம்புகிறாள். போனபோது பாலம் மூடிக் கிடந்தது, கிளம்பும்போதும் இவள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மேசைக்கு முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருப்பாள். இல்லை, இன்றைக்குத்தான் கிளம்புகிறாள், என் கணக்கில் இன்றைக்கு, எனக்கு என்றைக்குத் தெரிந்ததோ அன்றிலிருந்துதானே. ஆன்மாவுக்கு எந்த மணி? அதற்குமேல் இன்னொரு சங்கடம், நேற்று ராத்திரி இந்தப் பக்கத்துக் கடிகாரங்களை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள், வசந்தம் வந்தால் செய்கிற வேலை. காலையில் எழுந்து அவளே அடுப்புக்கு மேலிருந்த கடிகாரத்தின் முள்ளை விரலால் தள்ளினாள். இன்றிலிருந்து இலையுதிர் காலம் வரை இரு கரையிலும் ஒரே மணி. அம்மா செத்துப்போன அந்த ஒரு மணி, இங்கே ஒருநாளும் அங்கே ஒருநாளுமாகப் பிளந்து கிடந்த மணி, அது இப்போது எங்கேயும் இல்லை. அதற்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறாளோ அம்மா? இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல், என்னை மாதிரி? சீ, என்ன நினைப்பு இது.

பாலத்தின்மேல் காலை வைத்ததும் காற்று பலமாயிற்று. கம்பி வேலிக்குக் கீழே ஆறு பனிக்கட்டித் துண்டுகளைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது, துண்டுகள் ஒன்றோடொன்று மோதி, விலகி, எந்தக் கரைக்கும் ஒதுங்காமல் போய்க்கொண்டிருந்தன. ரிம்மா நடந்துகொண்டே அர்காதிக்குப் போன் போட்டாள். "பாலத்துல இருக்கேன்." "எந்தப் பாலத்துல?" "எத்தன பாலம் இருக்கு நம்ம ஊர்ல? வந்துக்கிட்டிருக்கேன், நாற்பதுக்கு." பின்னால் டிவி ஓடுகிற சத்தம், அவன் வீட்டில் அது ஓயாது, யாரோ யாரையோ எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். "ரிம்கா" என்று சின்ன வயதுச் செல்லப் பெயரில் கூப்பிட்டான் அண்ணன். "நாளைக்குத்தானே? நாளைக்கு எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். இன்னைக்கு வந்தா வெறும் வீடுதான்." "நீ போன் பண்ணினப்ப எங்க வீட்ல நாள் மாறல அர்காஷா." "எங்க வீட்ல மாறிடுச்சே." "எனக்கு அன்னைக்குத்தான் சொன்ன." "செத்தது நீ இல்லையே, அம்மா. அம்மா இங்க செத்தா. அவளுக்கு இங்கத்த மணிதான்." சரிதான் அவன் சொல்வது. சரியாக இருப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை, சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆட்டத்திலும் அப்படித்தான், கண்டுபிடித்த பிறகு எங்கே ஒளிந்திருக்க வேண்டும் என்று பாடம் எடுப்பான். "நாளைக்கு எனக்கு இங்க கையெழுத்து இருக்கு" என்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். இவ்வளவு நாளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்துவைத்திருந்தான். டிவி சத்தம் நின்றது. அணைத்துவிட்டான் போல. "அப்ப முடிவு பண்ணிட்ட." "இங்காவுக்காக." "இங்காவுக்காக. சரி. வந்துட்டுப் போ. கல்லறைக்குப் போயிட்டு உன் மணிக்குத் திரும்பிடு. நாளைக்கு நாங்க பாத்துக்கறோம்." வைத்துவிட்டான்.

நாங்க. அவனும், அவன் மனைவியும், கிழவிகளும், பக்கத்து வீடும், அம்மாவும். அம்மாவையும் சேர்த்துத்தான் சொன்னான். ரிம்மா பாலத்தின் நடுவில் வேகத்தைக் குறைத்தாள், நிற்கக் கூடாது, நின்றால் இரு பக்கத்துக் காமிராவும் திரும்பும் என்பார்கள், அதனால் நிற்காமல், நடக்காமல், கால் மாற்றி மாற்றி நகர்ந்தாள். திரும்பிப் போய்விடலாம். போய்க் கண்ணாடித் துணியை எடுத்துவிட்டு, தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு, காலையில் கையெழுத்துப் போடலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. அல்லது போய்விட்டுச் சாயங்காலம் வரலாம், அதுதானே திட்டம், அதுவும் குற்றமில்லை. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைப் பக்கவாட்டில் வைத்தே பார்த்தாள், நேரே பார்த்தால் அது பெரிதாகிவிடும். ஒரு ராத்திரி. ஒரே ராத்திரி. அந்த ராத்திரியில் பாலம் மூடும், அது தினமும்தான் மூடுகிறது, ஆனால் காலையில் திறக்காமல் போனால்? அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று சொன்னதெல்லாம் நாளையாக இருந்தால்? கனவில் அவள் இதைப் பார்த்திருக்கிறாள், அந்தக் கரையில் நின்று தன் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறாள், உள்ளே விளக்கை அணைக்காமல் வந்திருக்கிறாள், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், குரல் வரவில்லை. இங்காவின் வயிற்றில் நாலு மாதம். அந்தக் குழந்தை எந்த மொழியில் முதலில் அழும் என்று ஒருநாள் விளையாட்டாகப் பேசிக்கொண்டார்கள். அழுகைக்கு மொழி கிடையாதும்மா என்று இங்கா சொன்னாள், அவள் சொன்னது எஸ்தோனிய மொழியில், தன்னை மறந்து. அதில் ரிம்மாவுக்கு வருத்தம் வந்ததா? வந்தது. வந்ததை நினைத்து வெட்கமும் வந்தது. உயிரோடு இருப்பவர்கள் பக்கம்தானே போக வேண்டும், செத்தவர்கள் காத்திருப்பார்கள். ஆனால் காத்திருக்க மாட்டார்களே, அதுதானே விஷயம். கையெழுத்து ஆறு மாதம் கழித்து வரும், ஒரு வருடம் கழித்து வரும், வராமலும் போகும், ஆனால் வரலாம். அம்மா நாளை ஒருநாள்தான். நாடு என்னை வரையறுக்காமல் முப்பது வருடம் பொறுத்தது, இன்னும் கொஞ்சம் பொறுக்காதா? இங்கா பொறுப்பாளா? இங்கா கத்துவாள், அப்புறம் கத்தாமல் இருப்பாள், அதுதான் தாங்காது. கால் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. நடு ஆற்றில் கோடு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு இத்தனை வருடத்தில் ஒருதரம்கூடத் தெரிந்ததில்லை, தாண்டியபிறகுதான் தெரியும்.

ருஷ்யச் சாவடியில் கண்ணாடிக்குப் பின்னால் சின்னப் பெண் ஒருத்தி, இங்காவைவிட இளையவள், நகத்துக்கு இளஞ்சிவப்புச் சாயம், தூக்கம் போதாத கண். போனை அணைக்கச் சொன்னாள். சாம்பலை விரித்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், "எதுக்காக வர்றீங்க?" என்றாள். "அம்மாவுக்கு நாற்பதாம் நாள்." அந்தப் பெண் இப்போது தலையைத் தூக்கினாள், அரை நொடி, பிறகு மறுபடி தாளுக்கு. "எப்ப திரும்பறீங்க?" கேள்வி சாதாரணக் கேள்வி, ஒவ்வொருவரிடமும் கேட்பது, ஒவ்வொருவரும் பதிலை வாயிலேயே வைத்துக்கொண்டு வருவது. ரிம்மாவும் வைத்திருந்தாள். இன்னைக்குச் சாயங்காலம் என்று. முன்னால், வெளிவாசல் பக்கம், ஸோயாவின் பைச் சக்கரம் கிறீச்சிட்டது. "அம்மா, எப்ப திரும்பறீங்க?" என்று பெண் மறுபடியும் கேட்டாள், கடுமையாக இல்லை. "நாளைக்கு" என்றாள் ரிம்மா. "நாளைக்கு, அவங்க கிளம்பினப்புறம்." யார் கிளம்பிய பிறகு என்று அந்தப் பெண் கேட்கவில்லை. முத்திரை விழுந்தது.

வெளியே, இரும்புத் தடுப்புக்கு அப்பால், அர்காதி நின்றிருந்தான். தொப்பி இல்லாமல் வந்திருந்தான், போனை வைத்த கையோடு ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கியது, காது சிவந்திருந்தது. கட்டியும் கொள்ளவில்லை, முத்தமும் கொடுக்கவில்லை, அவள் கைப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "எத்தன மணிக்குத் திரும்பணும் உனக்கு? முதல்ல கல்லறைக்குப் போயிருவோம்" என்றான். ரிம்மா அணைத்து வைத்திருந்த போனைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள். இங்காவிடம் சொல்ல வேண்டும், சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "தேனும் கோதுமையும் வச்சுக் கிண்டுவோமே, அதுக்குக் கோதுமைய ஊறப் போட்டியா?" என்று கேட்டாள். "இல்லியே. நாளைக்குத்தானே." "நாளைக்குப் போட்டா கல்லு மாதிரி இருக்கும், கிழவிங்களுக்குப் பல்லா இருக்கு? ராத்திரி முழுக்க ஊறணும்" என்றாள் ரிம்மா. "வா, நான் போடறேன்." அர்காதி பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான், அவள் முகத்தைப் பார்த்தான், அவள் நடைக்கு ஏற்றபடி மெதுவாக நடக்க ஆரம்பித்தான்.